மிச்சத் தொகையில் வாங்குகிற பொருளா மதர்போர்டு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில், புதிதாக டெஸ்க்டாப் கணினி சேர்ப்பவர்களுக்கான வழிகாட்டிக் கட்டுரை வந்திருந்தது. பிராசஸருக்கு நான்கு பத்தி, கிராபிக்ஸ் கார்டுக்கு மூன்று பத்தி, கேபினட்டுக்குள் எரியும் வண்ண விளக்குகளுக்குக்கூட ஒரு பத்தி. எல்லா உறுப்புகளையும் இணைக்கும் தாய்ப்பலகையான மதர்போர்டுக்குக் கிடைத்தது ஒரே வரி: மீதமுள்ள தொகைக்குள் நல்ல நிறுவனத்தின் போர்டு ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்பது. கணினி பழுதுபார்க்கும் மேசையிலேயே பணிக்காலத்தைக் கழித்தவள் நான். இப்படிப்பட்ட அறிவுரைகள் இருக்கும்வரை என் தொழிலில் இருப்பவர்களுக்கு வேலைக்குப் பஞ்சம் வராது. வாசகர்களுக்கு என்ன லாபம் என்பதுதான் விளங்கவில்லை.

ரேம் பிடிக்கவில்லையா, இரண்டு நிமிடத்தில் கழற்றி மாற்றலாம். கிராபிக்ஸ் கார்டும் அப்படித்தான். போர்டை மாற்ற வேண்டுமென்றால் கூலரைக் கழற்றி, பிராசஸர்மேல் உள்ள பசையைத் துடைத்து, இருக்கிற கேபிள் அத்தனையையும் உருவி, கணினியை எலும்பும் தோலுமாக்கியாக வேண்டும். நாளைக்கு எந்தப் பிராசஸர் போடலாம், எவ்வளவு ரேம் சேர்க்கலாம், எத்தனை எஸ்எஸ்டி வைக்கலாம் என்பதையெல்லாம் தீர்மானிப்பதும் அதுதான். அதைக் கடைசியில் தேர்ந்தெடுக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். போர்டை வாங்குவதற்கு முன்னால் அதன் பயனர் கையேட்டைப் படியுங்கள். வாங்கிய பிறகு அல்ல, வாங்குவதற்கு முன்னால். எல்லா நிறுவனங்களும் கையேட்டைத் தங்கள் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. பெட்டியின் மேல் இருப்பது விளம்பரம். விவரம் கையேட்டில்தான் இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் அட்டவணைக்கு அடியில் பொடி எழுத்தில்.

என் அண்ணன் மகள் தன் கணினியில் இரண்டாவதாக ஓர் எஸ்எஸ்டியைத் தானே பொருத்தினாள். இயக்கிப் பார்த்தால் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் காணவில்லை. குடும்பப் புகைப்படங்கள் முழுவதும் அதில்தான் இருந்தன. "அத்தை, ஹார்ட் டிஸ்க் போய்விட்டது" என்று அழாத குறையாக அழைத்தாள். எஸ்எஸ்டியை எந்த ஸ்லாட்டில் போட்டாய் என்று கேட்டேன். கீழே இருந்த எம்.2 ஸ்லாட்டில் (மெல்லிய எஸ்எஸ்டியைப் படுக்கையாகச் செருகும் இடம்) என்றாள். மாடல் எண்ணை வாங்கிக் கையேட்டை இறக்கிப் பார்த்தேன். ஸ்லாட்டுகளின் பட்டியலுக்குக் கீழே ஒரு நட்சத்திரக் குறி. அதன் பக்கத்தில், இந்த ஸ்லாட்டில் சாட்டா (ஹார்ட் டிஸ்க்குகளை இணைக்கும் பழைய முறை) வகை எஸ்எஸ்டியைப் பொருத்தினால் குறிப்பிட்ட ஒரு சாட்டா போர்ட் வேலை செய்யாது என்று எழுதியிருந்தது. அவளுடைய ஹார்ட் டிஸ்க் சரியாக அந்தப் போர்ட்டில்தான் செருகியிருந்தது. கேபிளை உருவிப் பக்கத்துப் போர்ட்டில் செருகச் சொன்னேன். புகைப்படங்கள் திரும்பி வந்தன. ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை. இதைப் பெட்டியின் மேல் அச்சிட எவருக்கும் மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

இது ஏன் நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போர்டில் உள்ள ஸ்லாட்டும் போர்ட்டும் எல்லாம் தனித்தனியாகப் பிராசஸருடன் பேசுவதில்லை. பல, போர்டில் போக்குவரத்தைக் கவனிக்கும் சில்லான சிப்செட்டுக்குப் போய், அங்கிருந்து ஒரே இணைப்பு வழியாகப் பிராசஸரை அடைகின்றன. ஏஎம்டியின் பி650 சிப்செட்டுக்கும் பிராசஸருக்கும் இடையே இருப்பவை நான்காம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதைகள் (உறுப்புகளுக்கிடையே தரவு ஓடும் வழிகள்) நான்கு. நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிகாபைட். இன்டெலின் பி760-க்கும் அதே அளவுதான், இசட்790-க்கு அதைப் போல் இரு மடங்கு. சிப்செட்டின் பின்னால் உள்ள அனைத்தும் இதைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சிப்செட்டிலிருந்து ஸ்லாட்டுகளுக்கும் போர்ட்டுகளுக்கும் போகும் பாதைகளும் எண்ணிக்கையில் குறைவு; ஒரே பாதையை இரண்டுக்குப் பொதுவாக விட்டிருப்பார்கள். அதனால்தான் ஒன்றைப் போட்டால் இன்னொன்று அணைகிறது. இரண்டாவது நீளமான ஸ்லாட்டைப் பார்த்து இன்னொரு கிராபிக்ஸ் கார்டு போடலாம் என்று நினைப்பவர்கள் அதற்குள் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். பல போர்டுகளில் உள்ளே இருக்கும் உலோகத் தொடுமுனைகள் பாதி நீளத்துக்கு முன்பே நின்றுவிடும். மீதி வெறும் பிளாஸ்டிக்.

அடுத்தது, யாரும் பேசாத மின்சார விஷயம். பவர் சப்ளை அனுப்புவது 12 வோல்ட். பிராசஸர் கேட்பதோ ஏறக்குறைய 1.2 வோல்ட். அந்த மாற்றத்தைச் செய்வது, பிராசஸர் உட்காரும் சாக்கெட்டைச் சுற்றி வரிசையாக நிற்கும் விஆர்எம் பகுதி. 120 வாட் இழுக்கும் பிராசஸருக்கு 1.2 வோல்ட்டில் 100 ஆம்பியர் கொடுக்க வேண்டும். உள்ளங்கையைவிடச் சிறிய இடத்தில் 100 ஆம்பியர்! அந்த இடம் கொதிக்காமல் என்ன செய்யும்? மலிவான போர்டுகள் பலவற்றில் அங்கே வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்க் கூடக் கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை. கோர் ஐ5-12400 பிராசஸரின் உச்ச மின் தேவை 117 வாட். கோர் ஐ9-13900கே-வின் உச்சம் 253 வாட். இரண்டும் உட்காருவது ஒரே எல்ஜிஏ 1700 சாக்கெட்டில். அடிமட்ட எச்610 போர்டுகளின் ஆதரவுப் பட்டியலில்கூட இரண்டும் இடம்பெறுவதுண்டு. பொருந்தும் என்பது உண்மை. முழு வேகத்தில் ஓடும் என்று அந்தப் பட்டியல் எங்கும் சொல்லவில்லை. விஆர்எம் சூடேறியதும் போர்டு தன்னைக் காத்துக்கொள்ளப் பிராசஸரின் வேகத்தைக் குறைத்துவிடும். இப்படி வந்த கணினிகளை மேசையில் பார்த்திருக்கிறேன். உரிமையாளர் பிராசஸரைத் திட்டுவார், கூலரைத் திட்டுவார், விண்டோஸைத் திட்டுவார். உண்மையான காரணத்தின் மேல் விரல் வைத்தால் விரல் சுடும். ஆகவே, மணிக்கணக்கில் முழுச் சுமையில் ஓட்டி விஆர்எம் வெப்பத்தை அளந்து சொல்லும் விமர்சனங்களைத் தேடிப் படியுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் ஃபேஸ் (விஆர்எம்-இல் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் சுற்றுகள்) எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். ஒன்றை இரண்டாகக் காட்டும் வித்தை அதில் உண்டு.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: பொருள்களின் தரம் பழைய காலத்தைவிட எவ்வளவோ மேல். 2000-களின் தொடக்கத்தில் வந்த போர்டுகளில் மின்தேக்கிகள் தலை உப்பி, பழுப்பு நீர் கசிந்து நிற்கும். அவற்றைப் பிடுங்கிப் புதியவை வைத்துச் சூடு வைப்பதே எங்களுக்கு முழுநேர வேலையாக இருந்தது. இன்றைய போர்டுகளில் திண்மப் பாலிமர் மின்தேக்கிகள் வந்து அந்தத் தொல்லை ஒழிந்தது. அதற்காக எதிர்ப்பக்கமும் ஓடக் கூடாது. ரைசன் 5 7600 போன்ற 65 வாட் வகைப் பிராசஸரை வைத்துக்கொண்டு, போர் வீரனின் கவசம் போல் உலோகம் போர்த்திய போர்டை வாங்குவது காசைக் கரியாக்குவது. அதில் மின்னுகிற சிறு திரையில் உங்கள் பெயர் ஓடும். கணினி ஒரு நொடிகூட வேகமாக ஓடாது.

சாக்கெட் ஒன்றாக இருந்தால் போதும் என்று கட்டுரை சொல்லாமல் சொன்னது. போதாது. எல்ஜிஏ 1151 சாக்கெட்டை நினைவிருக்கிறதா? இன்டெலின் ஆறாம், ஏழாம் தலைமுறைகளுக்கு வந்த போர்டுகளில் எட்டாம் தலைமுறைப் பிராசஸர் உட்காரும், ஆனால் இயங்காது. நேர்மாறாக, ஏஎம்டியின் ஏஎம்4 போர்டுகளில் 2017-இல் வாங்கிய பலவற்றுக்கு 2022-இல் பயாஸ் (போர்டைத் தொடக்கி வைக்கும் உள் மென்பொருள்) புதுப்பிப்பு வந்து, புதிய ரைசன் 5000 வரிசைப் பிராசஸர்களை ஏற்றுக்கொண்டன. 2022-இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டை 2027-க்கும் அப்பால் தொடர்வதாக அந்நிறுவனம் அறிவித்திருக்கிறது. இன்டெல் 2021-இல் கொண்டுவந்த எல்ஜிஏ 1700-ஐ மூன்று தலைமுறையோடு நிறுத்தி, 2024-இல் எல்ஜிஏ 1851-க்குப் போய்விட்டது. இருக்கிற போர்டிலேயே பின்னால் பிராசஸரை மாற்றும் எண்ணம் இருப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். அந்த எண்ணமே இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம்.

பயாஸ் என்றதும் இன்னொன்று. 2023-இல் ரைசன் 7000எக்ஸ்3டி பிராசஸர்கள் சில சாக்கெட்டோடு கருகின. எஸ்ஓசி மின்னழுத்தத்தை (பிராசஸருக்குள் ரேம் கட்டுப்பாட்டுப் பகுதி போன்றவற்றுக்குப் போவது) 1.3 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தும் திருத்தம் பயாஸ் வழியாகத்தான் வந்தது. 2024-இல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறைப் பிராசஸர்கள் நிலைகுலைந்தபோதும் ஆகஸ்டில் மைக்ரோகோடு (பிராசஸரின் உள் கட்டளைகள்) திருத்தம் வந்தது. அதுவும் பயாஸ் வழியாகத்தான். ஏற்கெனவே கெட்டுப்போன பிராசஸரை அது பிழைக்க வைக்கவில்லை என்பதால் எவ்வளவு சீக்கிரம் கைக்கு வந்தது என்பது முக்கியமாகிவிட்டது. ஆக, போர்டு தயாரிப்பாளர் எவ்வளவு விரைவாகப் பயாஸ் வெளியிடுகிறார் என்பது பிராசஸரின் ஆயுள் பிரச்சினை. இதைத் தெரிந்துகொள்வது எளிது. வாங்க நினைக்கும் மாடலின் ஆதரவுப் பக்கத்தைத் திறந்து பயாஸ் வெளியான தேதிகளைப் பாருங்கள். அதே நிறுவனத்தின் பழைய மலிவு மாடல் ஒன்றின் பக்கத்தையும் பாருங்கள். உயர்ரக மாடலுக்கு மட்டும் ஓடி ஓடிச் செய்கிறார்களா என்பது தெரிந்துவிடும்.

பின்பக்கத்தில் பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டாக எடுப்பது நல்லது. பிராசஸரும் ரேமும் இல்லாமலே, பவர் சப்ளையை இணைத்து, பென் டிரைவைச் செருகிப் பயாஸைப் புதுப்பிக்கலாம். கிடங்கில் நெடுநாள் கிடந்த போர்டுக்குப் புதிய பிராசஸரை அடையாளம் தெரியாமல் போனால் அந்தப் பொத்தான்தான் கைகொடுக்கும். இல்லாவிட்டால் பழைய பிராசஸர் ஒன்றை யாரிடமாவது இரவல் கேட்டு அலைய வேண்டியதுதான்.

இனி, தாங்கள் திருத்தம் வெளியிட்டே ஆக வேண்டிய இடம். பழைய கணினியின் ரேமைப் புதிய போர்டில் அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று கட்டுரையில் இருந்தது. ரேமின் முந்தைய தலைமுறையான டிடிஆர்4, அடுத்த தலைமுறையான டிடிஆர்5 இரண்டுக்கும் 288 தொடுமுனைகள், நீளமும் ஒன்றுதான். ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கிறது. முன்னது 1.2 வோல்ட், பின்னது 1.1 வோல்ட், டிடிஆர்5-இல் மின்சாரத்தைச் சீராக்கும் சில்லு ரேமின் மேலேயே இருக்கிறது. ஒன்றின் இடத்தில் மற்றொன்று போகாது. அந்த வரியை நம்பி யாராவது கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் உடைவது ஸ்லாட். ஏஎம்5 போர்டுகள் டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். எல்ஜிஏ 1700 போர்டுகளில் இரண்டு வகையும் உண்டு. ஒரே பெயர் கொண்ட இரு போர்டுகளில் ஒன்றின் வாலில் மட்டும் டி4 என்று ஒட்டியிருக்கும். அந்த வாலைப் பார்த்து வாங்க வேண்டும்.

நான்கு ஸ்லாட் இருக்கிறதே என்று நான்கையும் நிரப்பவும் வேண்டாம். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி தரும் அதிகாரபூர்வ வேகம் இரண்டு ரேம் போட்டால் நொடிக்கு 5200 மெகாடிரான்ஸ்ஃபர் (ரேம் வேகத்தின் அளவு). நான்கு போட்டால் 3600. 32 ஜிபி வேண்டுமென்றால் 16 ஜிபி இரண்டு வாங்குங்கள். பெரும்பாலான போர்டுகளில் பிராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாம், நான்காம் ஸ்லாட்டுகளில் போட வேண்டும். கையேட்டில் படமே இருக்கும். முதல்முறை இயக்கும்போது டிடிஆர்5 போர்டுகள் ரேமைப் பழக்கிக்கொள்ள நேரம் எடுக்கும். திரை சில நிமிடம் இருண்டே கிடக்கும். அதற்குள் போர்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டி மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள்.

மற்றவை சில்லறை. பின்பக்க யூஎஸ்பி போர்ட்டுகளை எண்ணிக்கொள்ளுங்கள். பெயரின் கடைசியில் எஃப் உள்ள இன்டெல் பிராசஸர் என்றால் போர்டின் எச்டிஎம்ஐ-யில் படம் வராது. கேபினட் எந்த அளவுப் போர்டைத் தாங்கும் என்று பாருங்கள்: ஏடிஎக்ஸ் 305-க்கு 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏடிஎக்ஸ் இருபுறமும் 244, மினி ஐடிஎக்ஸ் 170.

அப்படியானால் நீங்கள் எதை வாங்குவீர்கள் என்று கேட்பார்கள். எனக்கென்று இப்போது சேர்ப்பதானால், பி650 அல்லது பி850 சிப்செட்டில் மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு ஒன்று. விஆர்எம் மேல் கனமான ஹீட்சிங்க், ஃபிளாஷ்பேக் பொத்தான், பிராசஸருடன் நேராக இணைந்த எம்.2 ஸ்லாட் குறைந்தது ஒன்று. விளக்கு வேண்டாம். வைஃபை வேண்டாம், கேபிள் இருக்கிறது. வீடியோ தொகுப்பவர்களுக்கு இது போதாமல் போகலாம். அவர்கள் கையேட்டின் எம்.2 பக்கத்தை இன்னும் கவனமாகப் படித்துவிட்டு மேலே போகட்டும்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்புப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற வாசகி

பின்குறிப்பு: புதிய போர்டின் சாக்கெட்டை மூடியிருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஏஎம்5 சாக்கெட்டில் மட்டும் 1718 ஊசிகள், முடியைவிடச் சற்றே தடிமனாக. ஒன்று வளைந்தாலும் போர்டைச் சாய்த்து விளக்கொளியில் பார்த்தால் அது மட்டும் வேறு திசையில் மின்னும்; அதை நிமிர்த்துவது எல்லாருக்கும் கைவருகிற வேலை அல்ல. உத்தரவாதத்தில் திருப்பி அனுப்பும்போது அந்த மூடி இல்லையென்றால் போர்டை ஏற்க மறுக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன.