"வீட்டைப் பாக்காதீங்க ஆச்சி" என்று சொன்ன என் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

போன ஞாயிற்றுக்கிழமை கானாடுகாத்தானில் உன் வீட்டு முகப்பில் நான் செருப்பைக் கழற்றும் முன்பே, "ஆச்சி, வீட்டைப் பாக்காதீங்க" என்றாய். நான் பார்த்தேன், நன்றாகவே பார்த்தேன். வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், ஆத்தங்குடி டைல்ஸின் சிவப்புப் பூவுக்கு நடுவே பால் கொட்டிக் காய்ந்து வெள்ளையாக ஒரு திட்டு. அதை மிதித்த குட்டிக் கால் இரண்டாங்கட்டு வரைக்கும் தடம் வைத்துக்கொண்டே போயிருந்தது. ஊஞ்சலுக்கு அடியில் பாதி கடித்த தேன்குழல். முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த அந்தக் காலத்துச் சுவரில், சின்னவனுக்கு எட்டுகிற உயரத்தில், நீல கிரேயானில் ஒரு ரயில்.

இதற்கெல்லாம் நீ மன்னிப்புக் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. பஸ்ஸில் தேவகோட்டை வந்து சேரும் வரை அதே நினைப்பு. உன்னைப் போல வாசலிலேயே மன்னிப்புக் கேட்கிற பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் போனில் சொல்லாமல் எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன். (வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் செட்டிநாட்டுப் பேச்சில் ஆச்சி என்றால் அக்கா, அப்பச்சி அப்பா, ஆத்தா அம்மா.)

நம் வீட்டு அடுப்படி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஞாபகம் இருக்கிறதா? அப்பச்சி ஆங்கிலப் பேப்பரில் வரும் படக்கதையை வெட்டிச் சோற்றுப்பசை தடவி ஒட்டிவைப்பார். பெரும்பாலும் 'டென்னிஸ்' என்கிற குறும்புக்காரப் பையனின் படக்கதைதான். தரை துடைத்து முடிந்திருக்கும், அவன் சேற்றுக் காலோடு வந்து நிற்பான். ஆத்தாவுக்கு அந்த எழுத்துப் படிக்க வராது. ஆனாலும் மல்லித்தூள் டப்பாவை எடுக்கும்போதெல்லாம் படத்தை ஒருமுறை பார்த்துச் சிரிப்பார். படிக்காமலே புரிகிற செய்தி அந்தப் பேப்பரில் அவருக்கு அது ஒன்றுதான் இருந்தது. ஆத்தா வீட்டில் அன்றைக்கு நடந்ததும் அதுதானே.

டென்னிஸ் எப்படிப் பிறந்தான் என்பதை அப்புறம்தான் படித்தேன். 1950 அக்டோபர். ஹாங்க் கெட்சம் என்கிற ஓவியர் தன் அறையில் படம் வரைந்துகொண்டிருக்கிறார். நாலு வயது மகனைத் தூங்கப் போட்டிருக்கிறார்கள். அவன் தூங்காமல் அறையையே பிரித்துப் போட்டுவிட்டான். மனைவி ஆலிஸ் வந்து, உங்கள் பிள்ளை ஒரு 'மெனஸ்', பெருந்தொல்லை என்று கொதிக்கிறார். பையன் பெயர் டென்னிஸ். இரண்டு சொல்லும் எதுகை போல ஒட்டிக்கொண்டன. 1951 மார்ச் 12-ஆம் தேதி 16 பத்திரிகைகளில் 'டென்னிஸ் த மெனஸ்' வரத் தொடங்கிவிட்டது.

எனக்கு அந்த அறைதான் மனதில் நிற்கிறது. சொல் ஆலிஸுடையது, படம் கெட்சமுடையது. பிரித்துப் போட்ட அறையை எடுத்துவைத்தது யார்? நான் படித்த கதையில் அது இல்லை.

நம் பக்கத்திலும் இப்படி ஒன்று உண்டு. பாண்டியன் அறிவுடை நம்பி பாடிய புறநானூற்று 188-ஆம் பாட்டு பள்ளிக்கூடத்தில் படித்தோமே, குறுகுறுவென்று நடந்து வந்து சின்னக் கையை நீட்டும் குழந்தை. "இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும்" நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் அப்பிக்கொள்ளும். எனக்கு அந்த நாலு சொல்லும் நாலு கட்டமாகத் தெரிகின்றன. ஒரு கட்டத்தில் சோற்றைக் கீழே போடுகிறது, அடுத்ததில் தொட்டுப் பார்க்கிறது, அப்புறம் வாயில் கவ்வுகிறது, கடைசியில் இரண்டு கையாலும் துழாவுகிறது. எந்தப் படக்கதைக்காரரும் ஆசைப்படுகிற வரிசை இது. பிள்ளை இல்லாதவர்க்கு வாழ்நாளால் பயனில்லை என்று ராசா பாட்டை முடிப்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். பிள்ளை இல்லாமலே வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டு வாழ்ந்த நம் பெரியாத்தாவைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் அந்த நாலு சொல்லும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்கே வரும். நெய் அப்பிய உடம்பைக் கழுவி, தரையைத் துடைத்தவர் பாடிய பாட்டு நமக்குக் கிடைக்கவில்லை.

படக்கதையில் அப்படி ஒன்று கிடைத்தது. லின் ஜான்ஸ்டன், கனடாக்காரர், இரண்டு பிள்ளைகளின் அம்மா. 1979-இல் 'ஃபார் பெட்டர் ஆர் ஃபார் வொர்ஸ்' என்று தொடங்கினார். தன் பிள்ளைகளின் நடுப்பெயர்களையே கதைப் பிள்ளைகளுக்கு வைத்தார். அதில் வருகிற அம்மா எல்லி சலித்துக்கொள்வாள், சத்தம் போடுவாள், சிலநாள் எதற்கும் தெம்பில்லாமல் உட்கார்ந்துவிடுவாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிற சிரிப்பு அது. கார்ட்டூன் ஓவியர்களுக்கான ரூபன் விருதை வாங்கிய முதல் பெண் ஜான்ஸ்டன்தான். இன்னொன்றும் செய்தார். டென்னிஸுக்கு எப்போதும் ஐந்தரை வயதுதான், ஜான்ஸ்டன் தன் கதைப் பிள்ளைகளை நிஜப் பிள்ளைகள் போல வருஷா வருஷம் வளரவிட்டார். 2008-இல் மகள் எலிசபெத்தின் கல்யாணத்தோடு கதை முடிந்தது.

உன் தெருவிலேயே பார். எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது. கல்யாணத்துக்கும் முன்னோர்க்குச் செய்யும் படைப்புக்கும் திறக்கிறோம், கூட்டிப் பெருக்குகிறோம், திரும்பப் பூட்டுகிறோம். அந்தச் சுவர்களில் எல்லாம் கிரேயான் ரயில் கிடையாது.

அன்றைக்கு மாப்பிள்ளை ஊஞ்சலில் உட்கார்ந்தபடி அந்த ரயிலைப் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார். பிள்ளைமேல் உள்ள பாசம்தான், எனக்கும் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அதே நேரத்தில் நீ தேங்காய் நாரும் கையுமாகக் குனிந்து, பால் காய்ந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். எனக்குக் கெட்சம் வீட்டு அறை ஞாபகம் வந்தது. 2019-இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், தங்கள் வீட்டுவேலையைச் செய்த பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள், செய்த ஆண்கள் 97 நிமிடம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது இதில் சேராது, அது தனிக் கணக்கு. இப்படி உழைக்கிறவள் எதற்காக வாசலில் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும்?

பால் கொட்டியது யார் என்று கேட்டதும் உன் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே குரலில் "நான் இல்ல" என்றார்களே, அதற்கும் ஒரு படக்கதை உண்டு. பில் கீன் 1960-இல் தொடங்கிய 'த ஃபேமிலி சர்க்கஸ்'. பிள்ளைகள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் 'நான் இல்லை' என்று பெயர் எழுதிய குட்டிப் பூதம் ஒன்று அந்தப் பக்கமாக ஓடும். பெரியவனிடம் இதைச் சொல், விழுந்து விழுந்து சிரிப்பான்.

அடுத்த மாசம் வருகிறேன். நான் வருகிறேன் என்பதற்காகக் கூட்டாதே. ரயிலை அழிக்காதே, அதற்குள் இன்னும் இரண்டு பெட்டி சேர்ந்திருக்கும். அலமாரிக் கதவிலிருந்து பெயர்த்து எடுத்த டென்னிஸ் படம் ஒன்று என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஓரமெல்லாம் மஞ்சள் தூள் கறை, ஆத்தாவின் விரல் பட்டது. அதைக் கொண்டுவருகிறேன், உன் அடுப்படியில் ஒட்டலாம். ஈரத்துணியை எப்படிப் பிழிவது என்று பெரியவனுக்கு நான் காட்டுகிறேன். மாப்பிள்ளைக்கும் ஒரு துணி எடுத்துவை.

பாசத்துடன்,
உன் ஆச்சி