கார்த்திகைப் பொட்டலத்தோடு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

சின்ன மாமா கொண்டுவரும் கட்டைப்பையில் நாலு சாமான் இருக்கின்றன. நீல மூடிச் சம்படத்தில் நெல் பொரி. பழைய பேப்பரில் சுற்றியிருப்பது பனங்குருத்தோலை. கண்ணாடி பாட்டிலில் கறுப்பாக இருப்பது, கார்த்திகைக்குக் கயிற்றில் கட்டித் தீப்பொறி பறக்கச் சுற்றும் மாவளிக்கான கரித்தூள். மிளகுத்தூள் என்று யாராவது ரசத்தில் போட்டுவிடக் கூடாதே என்று பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன். கயிறு போட்டுக் கட்டியது பனைமட்டையைப் பிளந்த குச்சி, பிளாச்சு. அகல் அனுப்பவில்லை. பஸ்ஸில் வந்தால் பாதி உடைந்துவிடும், பெங்களூரிலேயே கிடைக்கும்.

போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்றுதான் எழுதுகிறேன். பலகாரத்துக்கு அளவெல்லாம் அம்மா அடுப்படியிலிருந்து சொல்வது. மாவளி மட்டும் என் பொறுப்பு.

கார்த்திகை மழைக்காலத்துப் பண்டிகை என்பதை மறக்காதே. 2024இல் தீபத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்னால், டிசம்பர் 1ஆம் தேதிக் கணக்கில், விழுப்புரம் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. இந்தப் பண்டிகையில் எது கெட்டாலும் ஈரத்தால்தான் கெடும். பொரி நமுக்கும், பாகு இளகும், கரி பிடிக்காது, திரி படபடக்கும். அகல் ஒன்றுதான் தண்ணீர் குடித்தே ஆகவேண்டிய சாமான். பையைப் பிரித்ததும் எதையும் சிங்க் பக்கம் வைக்காதே. குருத்தோலையை மட்டும் ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வை.

பொரி உருண்டையை முந்தின நாள் சாயங்காலமே பிடித்துவிடு. முதலில் பொரியைத் தாம்பாளத்தில் கொட்டிப் பேரனிடம் கொடு. உமி ஒட்டியிருக்கும், பொரியாத நெல்லும் கிடக்கும். இங்கே ஒருமுறை புடைத்தாயிற்று, இருந்தாலும் ஒரு நெல் பல்லில் பட்டால் போதும், அப்புறம் அவன் உருண்டையைத் தொடமாட்டான். பொறுக்கியதும் அடிகனமான வாணலியில் சிறு தீயில் மூன்று நான்கு நிமிஷம் வறு. நிறம் மாறக் கூடாது. விரலில் வைத்து நசுக்கினால் தூளாக உதிரவேண்டும். ரப்பர் மாதிரி மடிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

அளவு இது: பொரி 4 டம்ளர், பொடித்த வெல்லம் முக்கால் டம்ளர், தண்ணீர் கால் டம்ளர், பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காய் 2 மேஜைக் கரண்டி, பொட்டுக்கடலை அதே அளவு, எள் 1 டீஸ்பூன், ஏலக்காய் 3, சுக்குப்பொடி ஒரு சிட்டிகை. எலுமிச்சை அளவில் பிடித்தால் பத்துப் பன்னிரண்டு வரும். அதிகம் வேண்டுமென்றால் இதையே இரண்டு தடவை செய். ஒரே தடவையில் இரட்டிப்பாகப் போட்டால் கை ஓடுவதற்குள் பாகு இறுகிவிடும். தேங்காய்ப் பல்லை நெய்யில் சிவக்க வறுத்தே போடு. பச்சையாகப் போட்டால் அதிலிருக்கும் ஈரம் ஒரே ராத்திரியில் உருண்டையைத் தளரவைத்துவிடும். வெல்லம் பாகு வெல்லமாக இருக்கட்டும். நாக்கில் உப்புக் கரிக்கிற வெல்லத்தை எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் பதம் வராது, அதைக் குழம்புக்கு வைத்துக்கொள்.

வெல்லம் கரைந்ததும் மண் போக வடிகட்டி, மறுபடி அடுப்பேற்று. இங்கேதான் எல்லாரும் அவசரப்படுவார்கள். முதலில் பெரிய பெரிய குமிழாக வரும். பிறகு நுரை பொங்கும். அப்புறம் நுரை அடங்கி, சின்னச் சின்னக் குமிழாக, கொஞ்சம் கனத்துக் கொதிக்கும். அந்த நேரம் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துக்கொண்டு ஒரு சொட்டு விடு. கரைந்தால் பதமே வரவில்லை. விரலில் திரட்டினால் மெத்தென்று உருண்டால் அது அதிரசப் பதம், பொரிக்கு ஆகாது. திரட்டிய உருண்டையை எவர்சில்வர் தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் வரவேண்டும். மாப்பிள்ளை வாங்கிய சமையல் தெர்மாமீட்டர் இருக்கிறதே, அதில் 125லிருந்து 130 டிகிரிக்குள். அம்மாவுக்கு அந்தக் கருவியில் நம்பிக்கை கிடையாது, காதுதான். அரை நிமிஷம் தாண்டினாலும் கசப்பு ஏறிவிடும், அதனால் சொட்டுப் பார்க்கும்போதெல்லாம் தீயைக் குறைத்துக்கொள்.

பதம் வந்ததும் அடுப்பை அணைத்து, ஏலம், சுக்கு, தேங்காய், கடலை, எள்ளைப் பாகில் போட்டு, பொரியைக் கொட்டி அடியிலிருந்து புரட்டு. கையில் அரிசிமாவு தொட்டுக்கொள். தண்ணீர் தொட்டுப் பிடிக்கிறவர்கள் உண்டு. பிடிக்க லகுவாகத்தான் இருக்கும், மறுநாள் உருண்டை பிசுபிசுக்கும். முதல் சுற்றில் சூட்டோடு எல்லாவற்றையும் லேசாகக் கூட்டி மட்டும் வைத்துவிடு. பன்னிரண்டும் ஆனபிறகு முதல் உருண்டையிலிருந்து மறுபடி எடுத்து அழுத்தி உருட்டு. அதற்குள் சூடு தணிந்திருக்கும், இந்த இரண்டாம் சுற்றைப் பேரனிடம் விடலாம். முதல் சுற்றில் அவன் கை வேண்டாம், பாகு தோலில் ஒட்டினால் விடாது. நடுவில் இறுகிவிட்டால் பாத்திரத்தைச் சிறு தீயில் அரை நிமிஷம் காட்டு, இளகிக்கொடுக்கும். ஆறியபின்தான் சம்படத்தில் போடவேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்க்கும்.

அகலுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நட்சத்திரத்துக்கு ஒன்றாக 27 வாங்கு. புது அகலை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் கவிழ்த்து வைத்துச் சாயங்காலத்துக்குள் நன்றாக உலரவிடு. ஊறாத மண் எண்ணெயைக் குடித்து, அடிவழியே கசிந்து, உங்கள் பளிங்குத் தரையில் வட்டக் கறை போடும். ஊறியது உலராவிட்டால் திரி சடசடவென்று வெடிக்கும். எதற்கும் அடியில் ஒவ்வோர் இலை வை. இரண்டு பஞ்சுத் திரியைச் சேர்த்து முறுக்கி, எண்ணெயில் முழுக்க நனைத்து, மூக்குக்கு வெளியே கால் அங்குலம் மட்டும் நீட்டு. நீளமாக நீட்டினால் புகைதான் வரும், வெளிச்சம் வராது. 2,668 அடி அண்ணாமலை உச்சியில் ஆயிரக்கணக்கான கிலோ நெய்க்கு ஏற்ற நீளத்தில் காடாத்துணி போடுகிறார்கள். உன் பால்கனிக்கு நல்லெண்ணெயும் விரல்நீளத் திரியும் போதும். டிவியில் ஆறு மணிக்கு மலைமேல் தீபம் தெரிந்ததும் வாசல் விளக்கை ஏற்று. மறுநாள் குப்பைக் கார்த்திகைக்கு ஐந்து அகல் மீத்து வை. குப்பைமேடு இல்லாத ஊரில் குப்பைக்கூடை பக்கம் ஒன்று வைத்தால் போதும், பிளாஸ்டிக் கூடையென்றால் நாலடி தள்ளி.

ஓலைக் கொழுக்கட்டை நம் பக்கத்துப் பழக்கமில்லை. மாப்பிள்ளை தூத்துக்குடிப் பக்கம், அங்கே கார்த்திகைக்கு அதுதான் முதல் பலகாரம். உன் மாமியார் சொல்லும் அளவு வேறாக இருந்தால் அதையே பின்பற்று. இல்லாவிட்டால், வறுத்த பச்சரிசி மாவு 2 டம்ளர், தட்டிய கருப்பட்டி 1 டம்ளர், தண்ணீர் முக்கால் டம்ளர், தேங்காய்த் துருவல் 1 டம்ளர், வறுத்து மலர வேகவைத்த சிறுபருப்பு கால் டம்ளர், ஏலம், சுக்கு. கருப்பட்டி கரைந்தால் போதும், காய்ச்சிப் பாகாக்கிவிட்டால் கொழுக்கட்டை கல்லாகிவிடும். வடிகட்டாமல் ஊற்றாதே, அடியில் மணல் நிற்கும். கை பொறுக்கும் சூட்டில், மொத்தமாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசை. பிடித்தால் பிடியாக நிற்கவேண்டும். கையில் ஒட்டினால் நீர் கூடிவிட்டது, இன்னும் ஒரு பிடி மாவு சேர். ஓலையை ஈரத்துணியால் துடைத்து, சாண் நீளத்துக்கு நறுக்கி, மடிப்பின் நடுவில் மாவை நீட்டி அடைத்து, மேலே இன்னோர் ஓலையைக் கவிழ்த்து, ஓலைக் கிழிசலாலேயே இரண்டு இடத்தில் கட்டு. ஓரம் விரலை அறுக்கும், அதனால் கட்டுவது நீ, அடைப்பது அவன். இட்லிக் கொப்பரையில் நிமிர்த்தி அடுக்கி 25 நிமிஷம். பச்சை ஓலை வெளுத்த பழுப்பாக மாறியிருந்தால் வெந்துவிட்டது.

இப்போது மாவளி. இதை அவன் கேட்டதற்காகவே எழுதுகிறேன். பாட்டிலில் இருப்பது ஆண்பனையின் பூத்தண்டுக் கரி. விரல் விரலாகக் காய்ந்து மரத்தடியில் விழுந்து கிடக்கும். மழைக்கு முன்னாலேயே பொறுக்கி வைத்துவிடவேண்டும். ஓரடிக் குழியில் போட்டுக் கொளுத்தி, சுவாலை அடங்கி எல்லாம் தணலாக நிற்கும் சமயம் மண்ணைத் தள்ளி மூடி, மறுநாள்தான் திறப்பது. சீக்கிரம் மூடினால் பாதி பச்சையாக நின்று, சுற்றும்போது புகையும். மூடுவதில் சந்து விட்டால் காலையில் சாம்பல்தான் இருக்கும். அந்தக் கரியை அம்மியில் மைபோல அரைத்து, ஒரு பிடி கல்லுப்பை வறுத்துப் பொடித்துக் கலந்திருக்கிறது. உப்பு படபடவென்று பொரிவதற்காக. வறுக்காத உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கரியை அவித்துவிடும், அதனால்தான் பாட்டிலைத் திறந்துவைக்காதே என்கிறேன்.

கட்டுவதை அங்கே நீங்களே செய்யவேண்டும். பழைய பருத்தி வேட்டித் துணியில் சாண் சதுரம் கிழி. பாலியெஸ்டர் கலந்த துணி உருகிச் சொட்டும், கூடவே கூடாது. தூளை ஓரத்தில் இரண்டு விரல் கனத்துக்கு வரிசையாகக் கொட்டி, பீடி சுற்றுவதுபோல் இறுக்கிச் சுருட்டி, விரற்கடைக்கு ஒரு கட்டாக நூலால் கட்டு. தொட்டால் பென்சில்போல விறைப்பாக இருக்கவேண்டும். தொளதொளவென்று கட்டினால் இரண்டாம் சுற்றிலேயே துணி எரிந்து தூள் மொத்தமும் கொட்டிவிடும். சுருளைச் சுற்றி மூன்று பிளாச்சை நிறுத்தி, மேலும் கீழும் கயிற்றால் நெருக்கிக் கட்டி, மேல்முனையில் நாலடிக் கயிறு. கீழ்முனையில் வைக்கத் தணல் வேண்டும். கொட்டாங்கச்சித் துண்டை இடுக்கியில் பிடித்து கேஸ் அடுப்பில் சிவக்கவிட்டால் ஆயிற்று. வைத்து ஊது. இரண்டு விரல் நீளம் கனிந்தபிறகு மெதுவாகச் சுற்றத் தொடங்கு. எடுத்த எடுப்பில் வேகமாகச் சுற்றினால் தணல் தெறித்து விழும், கரியில் பிடித்திருக்காது. பிடித்தபிறகு வேகம் கூடக் கூடக் காற்று உள்ளே புகும், கரி கனன்று பூப்பூவாய் உதிர்ந்து ஒரு வளையமாக நிற்கும். இதில் மருந்து ஒன்றும் கிடையாது, வெடிக்காது. ஆனாலும் நைலான் சட்டையில் ஓட்டை போடும்.

பால்கனியிலோ மொட்டைமாடியிலோ வேண்டவே வேண்டாம். உங்கள் குடியிருப்புச் சங்கத்தில் முன்கூட்டிக் கேள். மண்தரை, சுற்றிலும் பதினைந்தடிக்குக் காரோ காய்ந்த செடியோ இருக்கக்கூடாது, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், எல்லார் காலிலும் செருப்பு. முதல் மாவளியை மாப்பிள்ளை சுற்றட்டும். பேரனுக்கு வெறும் கயிற்றில் ஒரு தேங்காய் மட்டைத் துண்டைக் கட்டிக் கொடுத்து, தலைக்கு மேல் வட்டம் கலையாமல் சுற்றப் பழக்கு. அது சரியாக வந்தால் இரண்டாவதை அவன் கையில் கொடுக்கலாம், நீ பின்னால் நின்றுகொள். ‘மாவளியோ மாவளி’ என்று கத்தவும் சொல். தூள் மூன்று மாவளிக்கு வரும். அன்றைக்கு மழை பிடித்தால் பாட்டிலை மூடி எடுத்துவை, மறுநாள் சுற்றினாலும் குற்றமில்லை.

நீல மூடிச் சம்படத்தை மாமாவிடமே திருப்பிக் கொடுத்தனுப்பு. போன வருஷம் வந்த இரண்டு இன்னும் உன்னிடம்தான் இருக்கின்றன என்று அம்மா எழுதச் சொல்கிறாள்.

அன்புடன்,
அப்பா