ஒரு முதல் நாவல்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். மற்ற சேதிகளை அப்புறம் எழுதுகிறேன். இப்போது ஒரு நாவலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

டக்ளஸ் ஸ்டூவர்ட் என்ற பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. ‘ஷகி பெய்ன்’ அவருடைய முதல் நாவல். 2020இல் வந்தது, அதே ஆண்டு புக்கர் பரிசும் வாங்கியது. 1980களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம். பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரின் ஆட்சியில் சுரங்கங்கள் மூடப்பட்டு, ஆண்கள் வேலையில்லாமல் வீட்டோடு கிடக்கிற காலம். குடிக்கு அடிமையான ஆக்னஸ், அவளை எப்படியாவது மீட்டுவிடலாம் என்று நம்புகிற கடைசி மகன் ஷகி. கதை இவ்வளவுதான்.

ஓர் இடம் சொல்கிறேன். அம்மா போதையில் கிடக்கிறாள். பையன் அவள் பக்கத்தில் மூன்று குவளைகளை வரிசையாக வைக்கிறான். தொண்டை வறட்சிக்குத் தண்ணீர். வயிற்றுக்குப் பால். மூன்றாவதில், வீடெல்லாம் தேடி மிச்சம் மீதி பீரைச் சேர்த்து, முள்கரண்டியால் அடித்து நுரை வரவழைத்த கலவை. அவள் கை முதலில் அதற்குத்தான் போகும் என்று அவனுக்குத் தெரியும். அவள் குடியை நிறுத்த வேண்டும் என்று ஏங்குகிற பிள்ளைதான் அதையும் கலந்து வைக்கிறான்! அதற்கு மேல் என்னால் அன்று படிக்க முடியவில்லை.

ஆக்னஸ் எவ்வளவு விழுந்தாலும் தலை சீவி, உதட்டுச் சாயம் பூசி, நல்ல கோட்டு போட்டுக்கொண்டுதான் வெளியே வருவாள். இடையில் ஒரு வருடம் குடிக்காமலும் இருக்கிறாள். அப்போது அவளை நேசிக்கிற யூஜீன், ஒரே ஒரு கிளாஸ் வைன்தானே, எல்லோரையும் போல இருக்கக் கூடாதா என்று வற்புறுத்துகிறான். அவளை அம்போவென்று விட்டுப்போன கணவனைவிட இந்த நல்லவன் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. ஆசிரியர் அவனையும் திட்டவில்லை, அவளையும் திட்டவில்லை. அதுதான் இந்த நாவலின் பலம் என்று நினைக்கிறேன்.

ஸ்டூவர்ட்டின் தாயும் குடியால்தான் இறந்தார். அப்போது ஸ்டூவர்ட்டுக்கு வயது 16. பிறகு நியூயார்க்கில் ஆடை வடிவமைப்பாளராக வேலை பார்த்துக்கொண்டே பத்து வருடம் போல இதை எழுதியிருக்கிறார். 30க்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் வேண்டாம் என்றனவாம். எப்படித்தான் மனசு வந்ததோ!

குறை இல்லாமல் இல்லை. நடுவில் விழுவதும் எழுவதுமாகத் திரும்பத் திரும்ப வந்து கொஞ்சம் தொய்கிறது. கிளாஸ்கோ பேச்சுவழக்கும் முதலில் தடுக்கும். வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும்.

என் பிரதியை அடுத்த வாரம் கூரியரில் அனுப்புகிறேன். ஷகியின் அண்ணன் லீக்கைப் பற்றி வேண்டுமென்றே எதுவும் எழுதவில்லை. ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்தும் போகாமல், அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டே காலம் தள்ளுகிறவன். அவன் செய்தது சரியா என்று நீ படித்துவிட்டு எழுது.

அன்புடன்,
ரவி