இடுப்பில் தம்பியோடு வாசலில் நிற்கிற பிள்ளைக்காக

கடலூர் துறைமுகத்தைச் சுற்றியுள்ள அரசு தொடக்கப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்களுக்கும் அண்ணன்மார்களுக்கும்,

வணக்கம். நான் தேவனாம்பட்டினத்துக்காரி. அம்மா மீன் விற்றார். விடியுமுன்னே ஏலத்துக்குப் போய்விடுவார். நான்காம் வகுப்பில் இருந்தபோது, ஒன்பது மாதத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே பள்ளிக்குப் போனேன். "இவனை வீட்டில் விட்டுவிட்டு வா" என்று திருப்பி அனுப்பினார்கள். வீட்டில் யாரிடம் விடுவது? கிராமத்திலிருந்து பாட்டி வந்து சேரும்வரை எட்டு மாதம் நான் வகுப்பையே பார்க்கவில்லை. பதிவேட்டில் மட்டும் என் பெயர் அப்படியே இருந்தது.

இன்றும் அப்படி நிற்கிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். அதனால்தான் இந்த மடல்.

1951 கணக்கெடுப்பில் நம் நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 9 பேருக்குக்கூட எழுதப் படிக்கத் தெரியாது. 2011-ல் ஏறக்குறைய 65 பேருக்குத் தெரிந்திருந்தது. சத்துணவும், 2023-லிருந்து எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளிலும் கிடைக்கிற காலை உணவும் எத்தனை பிள்ளைகளை வகுப்புக்குக் கூட்டி வந்தன என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் எல்லா இடத்திலும் இப்படி இல்லை. ஆப்கானிஸ்தானில் 2021-க்குப் பிறகு ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளியே இல்லை. தொடக்கப் பள்ளியிலிருந்து மேல்நிலை வரை கணக்கெடுத்து, உலகம் முழுக்கப் பள்ளிக்கு வெளியே 12 கோடிப் பெண் பிள்ளைகளுக்கு மேல் இருப்பதாக 2023-ல் யுனெஸ்கோ சொன்னது. பதிவேட்டில் பெயர் இருந்து, வீட்டில் தம்பியைத் தூக்கிக்கொண்டிருக்கிற நம் தெருப் பிள்ளை அந்தக் கணக்கில் வருவாளா என்று எனக்குச் சந்தேகம்தான்.

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சேர்த்தால் போதும் என்று அது விட்டுவிடவில்லை. சேர்க்கை, வருகை, தொடக்கக் கல்வியை முடிப்பது, மூன்றையும் உறுதி செய்வது அரசின் கடமை, உள்ளாட்சியின் கடமை என்கிறது. உங்கள் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். பால்குடிப் பிள்ளையை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிற கஷ்டம் உங்களுக்குப் புரியாதா?

அங்கன்வாடியில் இரண்டு வயது ஆனால்தான் சேர்ப்பார்கள். அதற்கும் சின்னது என்றால் அக்காவின் இடுப்புதான். அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அவர் கூடையைத் தூக்கினால்தான் அன்றைக்கு உலை கொதிக்கும்.

சரி, என்ன செய்யலாம்? மாதக் கூட்டத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அந்த மாதம் பத்து நாளுக்கு மேல் வராத பெண் பிள்ளைகள் யார் யார் என்று கேளுங்கள், அவர்கள் வீட்டுக்குப் போங்கள். அப்புறம், ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் விடியற்காலையிலேயே திறக்கிற ஒரு குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று தீர்மானம் போட்டு மாநகராட்சிக்கு அனுப்புங்கள். ஓர் அறை, இரண்டு ஆயாம்மா, கொஞ்சம் தொட்டில் போதும். அதுவரைக்கும், தம்பியோடு வருகிற பிள்ளையை வாசலில் இருந்து திருப்பி அனுப்பாதீர்கள். வகுப்பின் ஓரத்தில் ஒரு பாயை விரித்துக் கொடுங்கள்.

தீர்மானத்தை எழுத ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

அன்புடன்,
மீன்காரம்மாவின் மகள்,
தேவனாம்பட்டினம்