முகாமுக்குப் போ, பாப்பா

திருவான்மியூர்,
ஞாயிறு இரவு

பாப்பா,

காலேஜ் என்எஸ்எஸ் முகாமுக்குப் போகட்டுமா என்று போனில் நீ கேட்டபோது நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. உங்கம்மா பக்கத்தில் நின்று "இன்டர்னல் மார்க் என்னாகும்னு கேளுங்க" என்று ஜாடை காட்டிக்கொண்டே இருந்தாள், நானும் யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்தாயிற்று. என்எஸ்எஸ் முகாமுக்குப் போ. ஏழு நாள்தானே.

வேலைக்கு மார்க்தான் முக்கியம் என்று உன் சீனியர்கள் சொல்வது பாதி சரிதான், பல கம்பெனிகள் மார்க்கில் கட்-ஆஃப் வைத்துத்தான் கூப்பிடுகின்றன, அதனால் படிப்பை விடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் சர்டிஃபிகேட்டுக்காகவும் போகாதே. இப்போது ஆள் எடுக்கிற நாற்காலியில் நானே உட்காருகிறேன், வருகிறவர்களின் சர்டிஃபிகேட் ஃபைலை இரண்டு பக்கத்துக்கு மேல் புரட்டியதாக ஞாபகமே இல்லை.

1991, நான் பி.காம். இரண்டாம் வருஷம். ராத்திரி பீச்சில் ஆமை முட்டை தேடப் போகிறார்கள், வர்றியா என்று ஒருத்தன் கூப்பிட்டான். 1988-ல் மாணவர்களே தொடங்கிய வேலை அது, இன்னமும் நடக்கிறது. நான் போனது ஆமைக்காக இல்லை, விடிய விடிய வெளியே சுற்ற உங்க தாத்தாவிடம் சொல்ல ஒரு காரணம் கிடைத்ததே, அதற்காக. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் கிட்டத்தட்ட ஏழு கிலோமீட்டர். பங்குனி ஆமை ஏறி வந்த தடம் டிராக்டர் டயர் போன மாதிரி இருக்கும், அது முடிகிற இடத்தில் கம்பால் மெதுவாகக் குத்திப் பார்த்தால் ஓரிடத்தில் மண் இளகும், கீழே பிங்பாங் பந்து போல நூறு முட்டைக்கு மேல் இருக்கும். அவற்றைப் பையில் கொண்டுபோய், அதே ஆழத்தில் குடம் போலக் குழி தோண்டி வேலிக்குள் புதைப்பார்கள். அங்கேயே விட்டால் 45 நாள் கழித்து வெளிவரும் குஞ்சுகள் கடலை விட்டுவிட்டு ரோட்டு விளக்கைப் பார்த்து நடந்துவிடும்.

ஒரு நாள், முட்டைக் கணக்கு எழுதுகிற நோட்டு என் கையில். எண்ணும்போது நடுவில் கணக்கு விட்டுப்போச்சு, தூக்கக் கலக்கம், உத்தேசமாக 110 என்று எழுதிவிட்டேன். வேறு காலேஜில் ஃபிசிக்ஸ் படித்த ஒரு அண்ணன் கண்டுபிடித்துவிட்டார். திட்டவில்லை. "தெரியலன்னா தெரியலன்னு எழுது, இல்ல மறுபடி எண்ணு." காலை நாலு மணிக்கு மறுபடி எண்ணினேன், 117. பரீட்சையில் தெரியாத கேள்விக்கும் எதையாவது எழுதி வை, அரை மார்க்காவது விழும் என்றுதான் அதுவரை எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

இன்டர்வியூவில் ஆமைக் கதையைச் சொன்னேன், சிரித்தார்கள், வேலை கிடைக்கவில்லை. அப்புறம் பாரிமுனைப் பக்கம் துறைமுகச் சரக்கைக் கஸ்டம்ஸில் விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் ஆபீஸில் சேர்ந்து, திருவொற்றியூர் யார்டில் நைட் ஷிப்ட், கன்டெய்னர்களைச் சரிபார்த்துக் கணக்குத் தாளில் (டேலி) எழுதுகிற வேலை. ஒரு கன்டெய்னரில் சீல் நம்பர் அழிந்திருந்தது. லாரிக்காரர் அவசரப்படுத்துகிறார், கூட இருந்தவன் "எட்டு மாதிரிதான் தெரியுது, போடு" என்கிறான். நான் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த சூப்பர்வைசரை எழுப்பினேன், நல்ல திட்டு வாங்கினேன். இரண்டு மாதம் கழித்து சரக்கு குறைந்தது என்று தகராறு வந்தபோது அந்தத் தாளைத்தான் தேடி எடுத்தார்கள். அதனால்தான் மேலே வந்தேன் என்று சொன்னால் கதை விடுகிறேன் என்று ஆகும். ஆனால் அந்தப் பழக்கம் பி.காம். வகுப்பில் வந்ததில்லை.

எல்லாமே இப்படிப் பலித்ததா என்றால் இல்லை. என்சிசியில் சேர்ந்து மூன்றே வாரத்தில் ஓடி வந்தேன். அந்த வெயிலில் பரேடு நின்றதில்தான் யூனிஃபார்ம் வேலை எனக்கு ஆகாது என்று தெரிந்தது, தாத்தாவின் போலீஸ் பரீட்சைக் கனவு அத்தோடு போச்சு. முகாம் உனக்கும் பிடிக்காமல் போகலாம், அதையும் போய்ப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

டார்ச் எடுத்துக்கொள், கொசுவுக்குத் தடவுகிற கிரீமும். அம்மா பருப்புப் பொடி கொடுத்தனுப்புகிறாள், கோபம் போய்விட்டது என்று அர்த்தம்.

பொங்கலுக்கு வா. ஜனவரியில் ஆமைகள் வர ஆரம்பித்துவிடும், ஒரு ராத்திரி சேர்ந்து நடக்கலாம். என் முட்டி பெசன்ட் நகர் வரை தாங்காது, கொட்டிவாக்கம் தாண்டினால் நம் வீடு வந்துவிடும், நான் அங்கேயே கழன்றுகொள்கிறேன். நோட்டு உன் கையில் இருக்கட்டும்.

அப்பா