நூற்பவருக்கு வாடிக்கை, தைப்பவருக்குப் போட்டி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 ஏப்ரலில் வங்கதேசம் நம் நூலைத் தரைவழியில் தடுத்தது. மே 17-இல் நம் அரசு அவர்களின் ஆயத்த ஆடைகளைத் தரைவழியில் நிறுத்தி, கொல்கத்தா, மும்பை அருகே உள்ள நவசேவா துறைமுகங்களை மட்டும் விட்டுவைத்தது. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இது ஆறுதல்தான். கோவை, பல்லடம் மில்களுக்கு அப்படியல்ல. மேற்கு வங்க எல்லையிலுள்ள பெட்ராபோல் வழியாக லாரியில் போன நூல் கோன்கள் இனி கப்பல் ஏற வேண்டும். சரக்கு சேர நாளாகும், அதுவரை பணமும் முடங்கும். டாக்கா தையலகங்களுக்கு ஆர்டர் கெடு நெருக்கும். நூல் தாமதமானால் சீன நூலுக்கு மாறிவிடுவார்கள். போன வாடிக்கை திரும்புவது கடினம். விற்காத நூல் உள்ளூரில் குவிந்தால் விலையும் இறங்கும்.

டெல்லி அடுத்து டாக்காவுடன் பேசும் முன் நூற்பாலைகள், பின்னலாடையினர் இரு தரப்பையும் ஒரே மேசையில் வைத்துக் கேட்க வேண்டும். பெட்ராபோலுக்கு எதிரே வங்கதேசப் பக்கம் உள்ள பெனாபோலில் நூலுக்கான தடையை நீக்குவதே முதல் கோரிக்கையாக இருக்கட்டும்.

— நூல் வணிகர், பல்லடம்