தலையில் விழும் அடிக்கு லீக்தான் பொறுப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

தொழில்முறை லீக்குகளில் ஆடி ஓய்ந்தவர்களின் உடல்நலக் கேடுகள் பற்றிய கட்டுரையைக் கடந்த இதழில் படித்தேன். ஆபத்து தெரிந்துதான் களமிறங்குகிறார்கள், சம்பளமும் கோடிகளில் வாங்குகிறார்கள், பிறகு லீக்கிடம் இழப்பீடு கேட்பது என்ன நியாயம் என்று கட்டுரையாளர் கேட்டிருந்தார். ஹெல்மெட் அணிந்து முட்டி மோதி ஆடும் அமெரிக்கக் கால்பந்தின் லீக்கான என்.எஃப்.எல். மீது, தலையில் பட்ட அடிகளுக்காக முன்னாள் வீரர்கள் நடத்திய வழக்கை அவர் ஒரே வரியில் கடந்துவிட்டார். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

முதலில் காயத்தைப் பற்றி. ஹெல்மெட் மண்டை ஓட்டை உடையாமல் காக்கும், அவ்வளவுதான். மூளை உள்ளே திரவத்தில் மிதக்கிறது. ஓடிவந்த தலை சட்டென்று நின்றாலோ திரும்பினாலோ மூளை உள்ளே அசைந்து முறுக்கிக்கொள்ளும், நரம்பிழைகள் இழுபடும். மயங்கி விழவைக்கும் அடிகளை மட்டும் எண்ணினால் போதாது. முன்வரிசையில் நிற்கும் லைன்மேன்கள் பந்து நகரும் ஒவ்வொரு முறையும் எதிராளியோடு முட்டுகிறார்கள். எந்த அறிகுறியும் காட்டாத அந்தச் சிறு அடிகள் ஆண்டுக்கணக்கில் சேர்கின்றன.

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியில் புகழ்பெற்ற மைக் வெப்ஸ்டர் அப்படி 17 சீசன்கள் ஆடியவர். 2002 செப்டம்பரில், 50 வயதில் இறந்தார். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் பென்னட் ஒமலுவின் கையில் இருந்த மூளை வெளிப்பார்வைக்கு இயல்பாகவே இருந்தது. மெல்லிய சீவல்களாக அறுத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் டௌ என்ற புரதத்தின் படிவுகள் தெரிந்தன. 2005இல் அது ‘நியூரோசர்ஜரி’ ஆய்விதழில் வெளிவந்தது. தலையில் திரும்பத் திரும்பப் படும் அடிகளோடு தொடர்புள்ள, சி.டி.இ. என்ற இந்த மூளைச் சிதைவு நோயை இன்றும் இறந்த பிறகே உறுதிப்படுத்த முடிகிறது. பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதித்த 111 என்.எஃப்.எல். வீரர்களின் மூளைகளில் 110இல் இது இருந்தது. நோய் இருக்குமோ என்று சந்தேகித்த குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானம் செய்தன என்பதால், எல்லா வீரர்களுக்கும் இதே விகிதம் என்று கொள்ளக் கூடாது. ஆனால் அலட்சியம் செய்யக்கூடிய எண்ணும் அல்ல.

இனி, யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்று பார்ப்போம். லீக் 1994இல் மூளை அதிர்ச்சியை ஆராய ஒரு குழு அமைத்தது. அதன் தலைவர் நரம்பியல் நிபுணர் அல்ல, மூட்டுவாத மருத்துவர். ஒமலுவின் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று அந்தக் குழுவினர் ஆய்விதழுக்கே எழுதினார்கள். 2007இல் லீக் வீரர்களுக்குக் கொடுத்த துண்டறிக்கை, முறையாகக் கவனித்துக்கொண்டால் ஒன்றிரண்டு முறைக்கு மேல் மூளை அதிர்ச்சி வந்தாலும் நிரந்தரப் பாதிப்பு வருவதாக ஆய்வுகள் காட்டவில்லை என்றது. ஆனால் லீக்கும் வீரர் சங்கமும் சேர்ந்து நடத்தும் ஓய்வூதிய வாரியம் 1999லேயே வெப்ஸ்டருக்கு நிரந்தர ஊன உதவித்தொகையை அனுமதித்திருந்தது. ஆட்டத்தில் தலையில் பட்ட அடிகளே காரணம் என்று வாரியத் தரப்பு எழுத்திலும் ஒப்புக்கொண்டிருந்தது. அந்தத் தொகையை எந்த ஆண்டிலிருந்து கணக்கிடுவது என்ற தகராறில் அவர் குடும்பம் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றது 2006 டிசம்பரில், அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து. பணம் கொடுக்கும் மேசைக்குத் தெரிந்த உண்மையை, ஆடப்போகிறவனிடம் எட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் மறுத்திருக்கிறார்கள். விளக்காமல் மறைத்த ஆபத்துக்கு வீரன் சம்மதித்தான் என்று எப்படிச் சொல்வது?

4,500க்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்குகளில் 2013இல் 76.5 கோடி டாலருக்குச் சமரசம் பேசப்பட்டது. இது போதுமா என்று சந்தேகப்பட்ட நீதிபதி அனிதா பிராடி முதலில் அனுமதி மறுத்தார். மொத்தத் தொகைக்கான உச்சவரம்பு நீக்கப்பட்ட பிறகு 2015 ஏப்ரலில் இறுதி ஒப்புதல் தந்தார். லீக் தன் மீது எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளவில்லை. கட்டுரையாளர் பெரிய தொகையைப் பார்த்தார். நான் அதன் விதிகளைப் பார்க்கச் சொல்கிறேன். தசைகளை முடக்கும் நரம்பு நோயான ஏ.எல்.எஸ்.க்கு அதிகபட்சம் 50 லட்சம் டாலர், அல்சைமர், பார்க்கின்சன் நோய்களுக்கு 35 லட்சம், நினைவும் அறிவுத்திறனும் குன்றும் டிமென்ஷியாவின் தொடக்க நிலைக்கு 15 லட்சம். ஆனால் இந்த உச்சத் தொகை இளம் வயதிலேயே நோய் கண்டறியப்பட்டு, ஐந்து சீசன்களாவது ஆடியவருக்கு மட்டும்தான். வயது ஏற ஏறத் தொகை இறங்கும். ஒரே சீசன் ஆடியவருக்கு 80 சதவீதம் வெட்டு. நோய் கண்டறியப்படுவதற்கு முன் பக்கவாதம் வந்திருந்தால் 75 சதவீதம் வெட்டு. வழக்குக்கே காரணமான சி.டி.இ.க்கு, ஒப்புதல் தேதியான 2015 ஏப்ரல் 22க்கு முன் இறந்தவர்களின் குடும்பத்துக்குத்தான் பணம். அதற்குப் பிறகு இறந்தவரின் மூளையில் அதே படிவுகள் தெரிந்தாலும், அந்தக் காரணத்துக்காக ஒரு டாலரும் கிடையாது. மனச்சோர்வு, கட்டுக்கடங்காத கோபம் ஆகியவை பட்டியலிலேயே இல்லை.

இதைவிட மோசமான ஒன்று டிமென்ஷியா மதிப்பீட்டுக்குள் ஒளிந்திருந்தது. கறுப்பின வீரர்களின் அறிவுத்திறன் மதிப்பெண் தொடக்கத்திலேயே குறைவாக இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்கிடும் முறையைப் பயன்படுத்தினார்கள். தேர்வில் ஒரே மதிப்பெண் பெற்ற இருவரில் வெள்ளையருக்கு நோய் உண்டு என்றும் கறுப்பினத்தவருக்கு இல்லை என்றும் முடிவு வரக்கூடிய முறை அது. இரண்டு முன்னாள் வீரர்கள் 2020இல் நீதிமன்றம் போன பிறகே கைவிடப்பட்டது. இழப்பீடு உண்டு என்று அறிவித்துவிட்டால் மட்டும் போதாது, அளவுகோலை யார் கையில் கொடுக்கிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல். மீதான வழக்கில், எல்லா வீரர்களுக்குமாகச் சேர்த்து நடத்தும் குழு வழக்குக்கு நீதிமன்றம் அனுமதி தரவில்லை. 2018இல் 1.89 கோடி டாலரோடு சமரசம் முடிந்தது. அதில் 318 முன்னாள் வீரர்களின் கைக்கு ரொக்கமாக வருவது தலா சுமார் 22,000 டாலர், மீதி வழக்கறிஞர் கட்டணம், மருத்துவச் செலவு போன்றவற்றுக்கு. தலையில் வாங்கிய அடி அங்கும் அடிதான். வழக்கு எந்த வடிவில் நடந்தது என்பதை வைத்து இவ்வளவு பெரிய வித்தியாசம் வருமானால், பொறுப்பை நீதிமன்ற அதிர்ஷ்டத்துக்கு விடக் கூடாது.

களத்திலேயே தடுத்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். சீசனுக்கு முன் ஒவ்வொரு வீரருக்கும் நினைவாற்றல், கவனம், வேகம் ஆகியவற்றைச் சோதித்துப் பதிந்துவைக்கிறார்கள். அடிபட்ட பிறகு மறுபடி சோதித்து ஒப்பிடுகிறார்கள். முதல் சோதனையில் வேண்டுமென்றே மோசமாகச் செய்துவைத்தால் பின்னால் வரும் சரிவு தெரியாது. இடத்தை இழந்துவிடுவோம் என்ற பயம் இருக்கும்வரை வீரர்கள் இதைச் செய்வார்கள். 2022 செப்டம்பர் 25 அன்று என்.எஃப்.எல்.லின் மயாமி அணி வீரர் துவா தாகோவைலோவா தலை தரையில் மோதி, எழுந்து தள்ளாடினார். முதுகு வலி என்று விளக்கம் சொல்லி மறுபாதியில் இறக்கினார்கள். நான்கே நாளில் அடுத்த ஆட்டத்தில் ஸ்ட்ரெச்சரில் தூக்கிச் செல்ல வேண்டியதாயிற்று. தள்ளாட்டம் தெரிந்தால் அன்று திரும்ப ஆடக் கூடாது என்ற விதி அதற்குப் பிறகுதான் வந்தது.

என்ன செய்யலாம்? நம் நாட்டு 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையே வழி காட்டியிருக்கிறது. பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ், கல் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் ஆகியவற்றைத் தொழில் நோய்களாக அது பட்டியலிட்டது. பல முதலாளிகளிடம் வேலை பார்த்தவருக்கு, எந்த மில்லில் எந்த நாளில் நோய் பிடித்தது என்ற கேள்வி தடையாகாமல், முதலாளிகள் பங்கு போட்டுக் கொடுக்கவும் வழிசெய்தது. சேர்ந்து சேர்ந்து வரும் விளையாட்டுக் காயத்துக்கும் இதுவே பொருத்தம். வீரர் நான்கு அணி மாறியிருப்பார். எந்த அடி மூளையைக் கெடுத்தது என்று அவரால் நிரூபிக்க முடியாது. அதனால் பொறுப்பு அணியிடம் அல்ல, லீக்கிடம் இருக்க வேண்டும். ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் தனி நிதிக்குப் போக வேண்டும். பரிசோதிக்கும் மருத்துவருக்கு லீக்கோ அணியோ சம்பளம் கொடுக்கக் கூடாது. மருத்துவப் பதிவுகளின் முழு நகல் ஓய்வு பெறும் நாளில் வீரர் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இருபது ஆண்டுகள் கழித்து அவர் எதைக் காட்டிக் கேட்பார்?

கடைசியாக ஒரு வேண்டுகோள். புரோ கபடி லீக் 2014இல் தொடங்கியது. முதல் தலைமுறை வீரர்கள் ஓய்வு பெறத் தொடங்கிவிட்டார்கள். கபடியில் முழங்காலின் ஏ.சி.எல். நார் கிழிவது அடிக்கடி நடப்பது. அறுவைச் சிகிச்சை செய்தாலும் பல ஆண்டுகள் கழித்து மூட்டுத் தேய்மானம் வரும் வாய்ப்பு அதிகம். அந்தச் செலவை ஒப்பந்தம் எந்தத் தேதி வரை ஏற்கிறது, சீசன் முடிந்த மறுநாள் யார் ஏற்பது என்று உங்கள் விளையாட்டுச் செய்தியாளர்கள் அணி நிர்வாகங்களிடம் கேட்டு, கிடைக்கும் பதிலை அப்படியே அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்